'எனக்கு ஏறாது' என்றவரின் கல்லீரல்: ஒரு நிகழ்வு ஆய்வு

46 வயது ஆண். அலுவலகத்தில் கணக்கு வேலை. கண் மஞ்சளாகி இரண்டு வாரம், வயிறு பெருக்க ஆரம்பித்துப் பத்து நாள், விட்டு விட்டுக் காய்ச்சல் ஐந்து நாள், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். இவைதான் அவர் சொன்ன குறைகள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்தே வார்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து எல்லாக் கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதும் வந்த பதில்: "குடிப்பேன் சார். ஆனா எனக்கு ஏறாது." மனைவியும் ஆமோதித்தார். "ஒரு நாள்கூட அவரு தள்ளாடி நான் பார்த்ததில்ல டாக்டர். காலையில ஆறு மணிக்கு எழுந்து கரெக்டா வேலைக்குப் போயிருவாரு." வீட்டில் சண்டை இல்லை, அலுவலகத்தில் விடுப்பு இல்லை, தெருவில் விழுந்து கிடந்ததில்லை. குடிநோயாளி என்றதும் நம் மனதில் எழும் உருவத்தோடு இவர் எங்கேயும் ஒட்டவில்லை.

இந்த நிகழ்வை எழுதக் காரணமே அதுதான். தனக்கு ஏறாமல் இருப்பதைத் தன் உடம்பின் பலம் என்று அவர் பதினெட்டு வருடம் நம்பினார். அந்தப் பதினெட்டு வருடமும் கல்லீரல் அடிவாங்கிக்கொண்டிருந்தது.

பரிசோதனையில் கண்டவை

கண்களில் அழுத்தமான மஞ்சள். உள்ளங்கை ஓரங்கள் சிவந்திருந்தன. மார்பின் மேல்பகுதியில், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியும் அதிலிருந்து கால்கள் போல விரியும் மெல்லிய ரத்தக்குழாய்களுமாக ஏழெட்டு இடங்களில் சிலந்திப் புள்ளிகள். நடுவில் விரலால் அழுத்தினால் வெளிறும், எடுத்தால் மையத்திலிருந்து மறுபடி சிவப்பு ஓடிவரும். கைகளும் தொடைகளும் மெலிந்திருக்க, வயிறு மட்டும் நீர்கோத்துப் புடைத்திருந்தது. எடை குறையவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். கரைந்துபோன தசையின் எடையை வயிற்று நீர் ஈடுகட்டியிருந்தது. மகோதரம், அதாவது வயிற்றில் நீர்கோத்தல், வந்தவர்களிடம் எடைக்கருவியை நம்பக் கூடாது. மேற்கையைப் பிடித்துப் பார்த்தால்தான் நிலைமை தெரியும்.

வலது விலா எலும்புக்குக் கீழே நான்கு விரற்கடை அளவுக்குக் கல்லீரல் கைக்குத் தட்டுப்பட்டது. தொட்டதும் முகம் சுளித்தார். காய்ச்சல் 100.4 டிகிரி. கைகளை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னேன். சிறகடிப்பது போன்ற உதறல் வரவில்லை. அதாவது, கல்லீரல் செயலிழப்பு அதுவரை மூளையைத் தொடவில்லை.

ரத்தப் பரிசோதனையில் காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் மொத்தம் 11.4, கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி 164, ஏஎல்டி 62, ஜிஜிடி 480. கல்லீரல் உருவாக்கும் புரதமான அல்புமின் 2.6. ரத்தம் உறைவதைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம் 21 விநாடி (ஒப்பீட்டு மாதிரிக்கு 12), அதையே விகிதமாகச் சொல்லும் ஐஎன்ஆர் 1.8. வெள்ளணுக்கள் 15,800, தட்டணுக்கள் 92,000, ஹீமோகுளோபின் 10.2, சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவான எம்சிவி 106. சோடியம் 129. கிரியேட்டினின் 0.9, சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறது என்பது அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. ஸ்கேனில் கல்லீரல் பெரிதாக, மேற்பரப்பு கரடுமுரடாக, மண்ணீரல் 14.5 செ.மீ., வயிற்றில் நீர். பித்தக்குழாயில் அடைப்பு இல்லை.

ஏஎஸ்டி, ஏஎல்டி எண்களில் கொஞ்சம் நிற்க வேண்டும். வைரஸ் காமாலையில் இவை ஆயிரக்கணக்கில் ஏறும். பெரும்பாலும் ஏஎல்டி முந்தி நிற்கும். மதுவால் வரும் கல்லீரல் அழற்சியில் ஏஎஸ்டி 400ஐத் தாண்டுவது அரிது, ஏஎல்டியைப் போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ இருக்கும். ஏஎல்டி உருவாக பி6 வைட்டமின் தேவை, நீண்டகாலம் குடிப்பவர்களுக்கு அது பற்றாக்குறை. மேலும் மது, செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைப்பதால் அங்கிருக்கும் ஏஎஸ்டி வெளியே கசிகிறது. ஆகவே, எண் சிறிதாக இருப்பதால் நோயும் சிறிது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இவருடைய 164 என்பது, 2,000 காட்டும் ஒரு சாதாரண ஹெபடைடிஸ் ஏ நோயாளியைவிட உயிருக்கு நெருக்கமான ஆபத்து.

காய்ச்சலுக்காக ஐந்து நாளாகப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் குடிப்பவர்களுக்கு அந்த மருந்தின் நச்சு வழக்கமான அளவிலேயே ஏறக்கூடும் என்பதால் அதுதான் காரணமோ என்று யோசித்தோம். அப்படியிருந்தால் ஏஎஸ்டி ஆயிரங்களில் இருந்திருக்கும். மாத்திரை மேலும் கொஞ்சம் சுமை சேர்த்திருக்கலாம். மூல காரணம் அதுவல்ல.

கண்ணாடி டம்ளர்

எவ்வளவு குடிப்பீர்கள் என்ற கேள்விக்கு அவர் பதில், "ரெண்டு ரவுண்டு சார், அதுக்கு மேல போக மாட்டேன்." பொய் சொல்லவில்லை. தினமும் இரண்டே முறைதான் ஊற்றிக்கொள்வார்.

மறுநாள் வரும்போது வழக்கமாக அவர் குடிக்கும் டம்ளரை எடுத்துவரச் சொன்னேன். மனைவி ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அடிப்பக்கம் கனமான கண்ணாடி டம்ளர். பாட்டிலில் தண்ணீரை நிரப்பிக் கொடுத்து, வீட்டில் ஊற்றுவது போலவே ஊற்றுங்கள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. கை பழகிய வேகத்தில் ஊற்றி, டம்ளரின் பூவேலைக் கோட்டுக்குச் சற்று மேலே நிறுத்தினார். அதை நர்ஸ் அளவுக் குவளைக்கு மாற்றினார். 105 மில்லி.

இரண்டு ரவுண்டு என்றால் 210 மில்லி. 40 சதவீதச் சரக்கு என்றால் அதில் 84 மில்லி சுத்தமான ஆல்கஹால். ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை 0.79 கிராம், ஆக 66 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவுக் குடி என்று கணக்கிடுவது 10 கிராமை. அவருடைய 'ரெண்டு', கணக்குப்படி ஆறரை. அளவுக் குவளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தினமும் இவ்வளவா?" என்று மனைவியைத்தான் கேட்டார், என்னை இல்லை.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கழிக்கக்கூடியது சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹால். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த 66 கிராமைக் கழித்து முடிக்க விடியற்காலை ஆகிவிடும். அவர் தூங்கி எழுந்து, குளித்து, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் கல்லீரலின் ஷிப்ட் முடிகிறது. பதினெட்டு வருடமாக ஒரு நாள் விடாமல்.

ஏறாமல் இருந்தது எப்படி

மது கல்லீரலுக்குள் போனதும் முதல் நொதி அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இரண்டாவது நொதி அசிட்டால்டிஹைடைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றுகிறது. இடையில் நிற்கும் அசிட்டால்டிஹைடுதான் விஷம். கல்லீரல் செல்லின் புரதங்களோடும் மரபணுப் பொருளோடும் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும். எப்போதாவது குடிப்பவரிடம் பெரும்பகுதி வேலை இந்தப் பாதையிலேயே முடிந்துவிடும்.

தினமும் குடித்தால் கல்லீரல் இன்னொரு பாதையைத் திறக்கிறது. சிஒய்பி2இ1 என்ற நொதியைப் பல மடங்கு கூடுதலாக உற்பத்தி செய்து, மதுவை வேகமாகக் கழிக்கிறது. கூடவே மூளையும் போதைக்குப் பழகிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்ததைத்தான் அவர் 'எனக்கு ஏறாது' என்றார். ஆனால் அந்த இரண்டாம் பாதை வேலை செய்யும்போதெல்லாம் ஆக்சிஜனின் வினைத்திறன் மிக்க வடிவங்கள் பொறிகள் போலத் தெறிக்கின்றன; செல் சவ்வில் உள்ள கொழுப்பை எரிக்கின்றன. பாராசிட்டமாலை நச்சாக மாற்றுவதும் இதே நொதிதான். அளவு கூடினாலும் நிதானம் தவறாதவரின் கல்லீரல், அந்த நிதானத்துக்கான விலையை உள்ளே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சேர்வது கொழுப்பு. மதுவைக் கழிக்கும் வேலையில் செல்லின் வேதிச் சமநிலை புரண்டு, கொழுப்பை எரிப்பது நின்று, சேமிப்பது கூடுகிறது. அதிகமாகக் குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் வரும். வலி இருக்காது, அறிகுறி இருக்காது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் நாலைந்து வாரங்களில் கொழுப்பு கரைந்துவிடும். உடம்பில் வேறெந்த உறுப்பும் இவ்வளவு தாராளமாக மன்னிப்பதை நான் பார்த்ததில்லை.

அடுத்து அழற்சி. மது குடலின் சுவரை இளக்கிவிடுகிறது. குடல் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன, ஏனென்றால் குடலிலிருந்து வரும் ரத்தம் முழுக்க முதலில் சேரும் இடம் அதுதான். அங்கே காவல் இருக்கும் குப்ஃபர் செல்கள் இதைத் தொற்று என்று எண்ணி அபாய மணி அடிக்க, வெள்ளணுக்கள் படையெடுத்து வருகின்றன. இவருடைய காய்ச்சலுக்கும் 15,800 வெள்ளணுக்களுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். உண்மையான தொற்றாகவும் இருக்கலாம். படுக்கையருகே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

கடைசியாகத் தழும்பு. கல்லீரலில் வைட்டமின் ஏ சேமித்து வைக்கும் நட்சத்திர செல்கள் இந்தக் கலவரத்தில் தங்கள் வேலையை மறந்து நார்ப்பொருளை நெய்ய ஆரம்பிக்கின்றன. நார் இறுக இறுக ரத்தம் கல்லீரலுக்குள் நுழைய முடியாமல் பின்வாங்குகிறது. மண்ணீரல் வீங்கி தட்டணுக்களை விழுங்குகிறது, உணவுக்குழாயில் நாளங்கள் புடைக்கின்றன, வயிற்றில் நீர் கோக்கிறது. இதுதான் சிரோசிஸ். பழுப்பு மஞ்சள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1819இல் இந்தப் பெயரை வைத்தவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே லெயனெக். அதிகமாகக் குடிப்பவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் இங்கே வந்து சேர்கிறார்கள். யார் என்பதை முன்கூட்டியே சொல்ல வழியில்லை. பெண்களுக்கு, உடல் பருமன் உள்ளவர்களுக்கு, ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்குக் குறைவாகக் குடித்தாலே வரும்.

இவரிடம் சிரோசிஸ் ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் புதிதாகக் கடும் அழற்சி ஏறியிருந்தது.

பழைய கோப்பு

மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையில் பழைய ரிப்போர்ட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன் அலுவலகம் செய்த உடல் பரிசோதனை: ஜிஜிடி 142, ஏஎஸ்டி 58, ஏஎல்டி 41, தட்டணு 1,98,000, ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல். கீழே 'எண்ணெய்ப் பலகாரம் குறைக்கவும்' என்று ஒரு வரி. மதுவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மூன்று வருடத்துக்கு முந்தையது, நெஞ்செரிச்சலுக்காக வந்தபோது எடுத்தது. ஏஎஸ்டி 71, ஏஎல்டி 40, தட்டணு 1,38,000, எம்சிவி 103. இதில் ஒரு கணக்கு போடலாம்: வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, தட்டணுவையும் (ஆயிரங்களில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுப்பது. எஃப்ஐபி-4 என்று பெயர். அன்று அவருக்கு வயது 43. விடை 3.5. 2.67ஐத் தாண்டினாலே முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்க்க வேண்டும். குடிப்பவர்களிடம் ஏஎஸ்டி சற்று ஏறியே இருக்கும் என்பதால் இந்த எண்ணை அப்படியே தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் கேள்வி கேட்க அது போதும். ஆறு வருடத்துக்கு முந்தைய எண்களுக்கும் போட்டுப் பார்த்தேன். 1.8. ஐயப்பட வேண்டிய எண்தான்.

அந்த நெஞ்செரிச்சல் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. மது என்ற இடத்துக்கு எதிரே 'எப்போதாவது' என்று எழுதியிருந்தேன். அவர் என்ன சொன்னார், நான் எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. ஆனால் அந்த நாளில் என்னிடம் 1,38,000 என்ற குறைந்த தட்டணு எண் இருந்தது, 103 என்ற கூடிய எம்சிவி எண் இருந்தது, எதிரே ஆள் உட்கார்ந்திருந்தார். நான் அமிலத்துக்கு மாத்திரை எழுதினேன்.

வார்டில் நடந்தது

முதல் வேலை, குளுக்கோஸுக்கு முன் தயமின் (பி1 வைட்டமின்) ஊசி. பி1 வற்றிப்போன உடம்பில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம். வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தோம். ரத்த அல்புமினுக்கும் நீரில் உள்ள அல்புமினுக்கும் இடையே 1.9 வித்தியாசம், 1.1க்கு மேல் என்றால் கல்லீரல் நாளத்தின் அழுத்தமே காரணம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 60, 250ஐத் தொட்டிருந்தால் நீரில் தொற்று என்று பொருள். ரத்தமும் சிறுநீரும் வளர்ப்புச் சோதனைக்குப் போயின.

இரண்டாம் நாள் இரவு பதற்றம் தொடங்கியது. போர்வை மேல் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், வியர்வை, நாடி 128. கடைசியாகக் குடித்தது சேர்க்கைக்கு முந்தைய இரவு. 'பசி எடுக்கும்' என்று மஞ்சள் கண்ணோடே குடித்திருக்கிறார். கல்லீரல் நோயாளி திடீரெனக் குழம்பினால் எல்லோரும் முதலில் நினைப்பது கல்லீரல் மயக்கத்தை. அதில் ஆள் மந்தமாவார், தூங்கி வழிவார். இவரோ கண்ணை மூடாமல் நடுங்கினார். இது நிறுத்தியதால் வரும் ஜன்னி. கல்லீரலுக்கு அதிகச் சுமை தராத லோராசிபம் கொடுத்து நான்கு நாளில் தணிந்தது. வீட்டிலேயே ஒரே நாளில் தானாக நிறுத்திக்கொள்கிறேன் என்று கிளம்பும் நீண்டகாலக் குடிகாரர்களுக்கு இந்த இரவைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும். வலிப்பும் ஜன்னியும் உயிரை எடுக்கக்கூடியவை. நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவ மேற்பார்வையில்.

நோயின் கடுமையை அளக்க மாட்ரி கணக்கு: புரோத்ராம்பின் நேர வித்தியாசத்தை 4.6ஆல் பெருக்கி பிலிருபினைக் கூட்டுவது. இவருக்கு 52.8. 32ஐத் தாண்டினால் கடும் நோய். ஸ்டீராய்டு கொடுப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒருமித்து வரவில்லை. 2015இல் வெளியான ஸ்டோபா ஆய்வில் 1,100க்கும் மேற்பட்ட நோயாளிகளில் 28 நாள் மரணம் ஸ்டீராய்டால் உறுதியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. கடுமையான தொற்று மட்டும் 7 சதவீதத்திலிருந்து 13 ஆகக் கூடியது. இருந்தாலும் வேறு நல்ல மருந்தும் இல்லை. வளர்ப்புச் சோதனைகள் 48 மணி நேரம் சுத்தமாக இருந்த பிறகு, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. தொடங்கினோம். ஏழாம் நாள் பிலிருபின் 7.9. ஸ்டீராய்டு பலன் தருகிறதா என்று காட்டும் லில் கணக்கு 0.13, 0.45க்கு மேல் போயிருந்தால் அன்றே நிறுத்தியிருப்போம். 28 நாள் முடித்து, பிறகு படிப்படியாகக் குறைத்தோம்.

என் கணிப்பில் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது சாப்பாடு. ஒரு நாளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். கல்லீரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்ற பழைய எண்ணத்தில் உறவினர்கள் தட்டிலிருந்து எடுத்து எடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்கு ஒரு சிற்றுண்டி கட்டாயம், ஏனென்றால் சிரோசிஸ் வந்த கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு இல்லை. ஒரே இரவுப் பட்டினியில் உடம்பு தசையைத் தின்னத் தொடங்கிவிடும். மனைவி அலாரம் வைத்து எழுப்பினார்.

எண்டோஸ்கோப்பியில் நடுத்தர அளவுக்கு நாளப் புடைப்பு. ரத்தக்கசிவைத் தடுக்க பிறகு கார்வெடிலால். உப்பைக் குறைத்து, நீர் பிரிய ஸ்பைரனோலாக்டோன். 17ஆம் நாள் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு

குடிநிறுத்த மருந்துகளில் டைசல்ஃபிராம் கல்லீரலையே தாக்கக்கூடியது என்பதால் அதைத் தொடவில்லை. பாக்லோஃபென் கொடுத்தோம், மனநல மருத்துவரையும் வாராவாரம் பார்த்தார். நான்காம் மாதம் ஒரு நாள் முன்பதிவு இல்லாமல் வந்து நின்றார். "நேத்து குடிச்சிட்டேன் சார், ஒரு ரவுண்டு. அளந்துதான் ஊத்தினேன், முப்பது மில்லி. ஆனா அளந்து குடிக்கிறதே எதுக்குன்னு தோணிருச்சு." திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. நான் ரத்தம் எடுக்கச் சொன்னேன், மனநல மருத்துவரை அன்றே பார்க்க ஏற்பாடு செய்தேன். சறுக்கியதை மறுநாளே வந்து சொல்பவரை நான் தோற்றவர் என்று நினைப்பதில்லை. வராமல் போகிறவர்களைப் பற்றித்தான் கவலை. அதற்குப் பின் பத்து மாதமாகக் குடிக்கவில்லை. பெத் எனப்படும், சில வாரங்களுக்கு முன் குடித்ததையும் காட்டும் ரத்தச் சோதனை ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதோடு ஒத்துப்போனது.

பதினான்காம் மாதம்: பிலிருபின் 1.3, அல்புமின் 3.6, ஐஎன்ஆர் 1.2, தட்டணு 1,18,000. நீர் பிரியும் மாத்திரை இல்லாமலே வயிற்றில் நீர் இல்லை. சிரோசிஸின் கடுமையைக் காட்டும் சைல்டு-பியூ மதிப்பெண் (கூடக் கூட மோசம்) சேர்க்கையின்போது 12, இப்போது 5. கைகளில் சதை திரும்பியிருக்கிறது. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனை வேண்டுமென்றே இவ்வளவு தள்ளிவைத்தோம், அழற்சி இருக்கும்போது எடுத்தால் விறைப்பைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். 24 கிலோபாஸ்கல். தழும்பு அங்கேதான் இருக்கிறது. 

அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோயைத் தேடும் ஏஎஃப்பி ரத்தச் சோதனையும். "நிறுத்திட்டேனே சார், இன்னும் எதுக்கு?" என்று கேட்டார். சிரோசிஸ் வந்த கல்லீரலில் புற்றுநோய் முளைக்கக்கூடும், குடியை நிறுத்தினால் அந்த வாய்ப்பு குறையுமே தவிரப் பூஜ்யம் ஆகாது, சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் எடுத்துவிடலாம் என்றேன். தேதியைச் செல்போனில் குறித்துக்கொண்டார். பிறகு தன் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் ஏறாதாம். அவருடைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாராம், தட்டணு 1,41,000, எம்சிவி 101. "கூட்டிட்டு வரட்டுமா?" என்றார்.

வரச் சொன்னேன். டம்ளரையும் கொண்டுவரச் சொன்னேன்.